எலிமருந்துப் பாக்கெட்

கணவர் குவைத்தில் வேலை பார்த்த காலம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய வீட்டில் நானும் எங்கள் நாயும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது வாயில் எலிமருந்துக் கட்டியோடு வரப்பிலிருந்து ஓடிவந்தது. நான் பிடுங்குவதற்குள் விழுங்கிவிட்டது.

ஊரில் கால்நடை மருத்துவமனை பூட்டியிருந்தது. நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். "உப்புத் தண்ணி ஊத்துங்க" என்றார் ஒருவர். "பால் குடுங்க" என்றார் இன்னொருவர். நான் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, துபாயில் கால்நடை மருத்துவராக இருக்கும் தஞ்சாவூர்ப் பெண் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார்.

"எதையும் ஊத்தாதீங்க. உப்பே விஷமாயிடும். என்ன மருந்துன்னு தெரியணும், பாக்கெட்டைத் தேடுங்க."

பக்கத்து வயல்காரரிடம் ஓடினேன். "நான் எதுவும் வைக்கலைம்மா" என்றார்.

"அண்ணே, நான் சண்டைக்கு வரலை. பேரை மட்டும் சொல்லுங்க" என்று அழுதுவிட்டேன்.

அவர் மோட்டார் கொட்டகைக்குள் போய், கிழிந்த பாக்கெட்டோடு வந்தார். படம் எடுத்து அந்த மருத்துவருக்கு அனுப்பினேன்.

"ரத்தத்தை உறைய விடாத மருந்து இது. முறிவு ஊசி இருக்கு, பயப்படாதீங்க. தஞ்சாவூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், உடனே கிளம்புங்க."

வயல்காரரே ஆட்டோ பிடித்து, கூடவே வந்தார். உள்ளே ரத்தம் கசிந்தால் ஈறு வெளுக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், வழியெல்லாம் நாயின் ஈறு வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

நாய் பிழைத்தது. நடந்ததையெல்லாம் குழுவில் எழுதினேன். பிறகொரு நாள், அதைப் படித்த யாரோ ஒருவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். அவருடைய பூனை எலிமருந்தைத் தின்றுவிட்டதாம். "முதல்ல பாக்கெட்டைத் தேடுங்க" என்றேன். போனை வைத்துவிட்டார். அந்தப் பூனை என்னவாயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.