வெளிச்சத்தில் வெட்டிய சாம்பிள்

சாலை பஜாரில் எனக்கு மொத்த ஜவுளிக்கடை. எந்தத் துணி கைக்கு வந்தாலும் இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பேன். பிடித்துவிட்டால் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்வேன். எங்கள் தொழிலில் அது தப்பில்லை. சாம்பிள் வெட்டாமல் போகிறவனைத்தான் சரக்கு பிடிக்காதவன் என்று நினைப்பார்கள். இதற்காகவே சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கவிழ்த்தது.

மகள் ஊருக்கு வெளியே, கழக்கூட்டம் தாண்டி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வெளிச்சத்தை அச்சடிக்கிறாள். சும்மா சொல்லவில்லை. மின்சாரம் பாய்ந்தால் ஒளிர்கிற ஒரு மையை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, மேலே இன்னொரு தாளை ஒட்டி மூடுகிறார்கள். வளைத்தாலும் எரியும். பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் இதை நான் அளக்காத நாள் இல்லை. "பாக்காம எப்படி வே நம்புறது?" என்பார் அவர்.

வீட்டார் வந்து பார்க்கலாம் என்று ஒருநாள் அங்கே கூப்பிட்டார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள் எரிந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று கெட்டு, கடைசியில் நன்றாக வந்தது அது ஒன்றுதான். அடுத்த வாரம் டெல்லியிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் திட்டத்தைத் தொடர்வதா, இழுத்து மூடுவதா என்று முடிவு செய்வார்கள். மகளின் வேலையும் அதில்தான் தொங்கியது. இதையெல்லாம் வண்டியில் வரும்போதே சொல்லியிருந்தாள். நான்தான் வெறுமனே உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

அவளுடைய சார் தாளை வயரோடு என் கையில் கொடுத்து, "பிடிச்சு நோக்கிக்கோளூ, அங்கிள்" என்று மலையாளத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இளமஞ்சள் வெளிச்சம். சூடே இல்லை. சார் வேறு யாரிடமோ திரும்பிவிட்டார். மகளும் அந்தப் பக்கம் மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் விரலுக்குள் உருட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தைச் சுற்றி வெற்றுக் கரை ஓடியது. அதில் கொஞ்சம் வெட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? அண்ணாச்சியின் வாயை அடைக்க ஒரு துண்டு போதும். வெட்டினேன்.

வெளிச்சம் அணையவில்லை. அந்தத் தைரியத்தில் மகளைக் கூப்பிட்டுத் துண்டைப் பெருமையாகவே காட்டினேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஈரக்காற்று உள்ளே போகாமல் தடுக்கிற ஒட்டே அந்தக் கரைதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்டிய மூலையில் ஒரு கரும்புள்ளி விழுந்தது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. ஈர வேட்டியை மடித்து வைத்தால் புள்ளி புள்ளியாகக் கரிம்பன் அடிக்குமே, அதே மாதிரி. கரிம்பன் அடித்த துணியை என் கடையில் நான் படியேற விடமாட்டேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. சார், "சாரமில்ல அங்கிள்", பரவாயில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அச்சன் அறியாதெ செய்ததா, சார். ஸாரி." அப்பா தெரியாமல் செய்துவிட்டார் என்கிறாள்.

கடைப் பையன்கள் எதையாவது பாழாக்கினால் வாடிக்கையாளரிடம் நான் இப்படித்தான் பேசுவேன். உட்கார்ந்த இடத்திலேயே கூனிக் குறுகிப்போனேன். நாலு பேர் முன்னால் மகள் எனக்காக மன்னிப்புக் கேட்கிறாள், என் கையில் இன்னும் கத்தரி இருக்கிறது. அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டிலும் அவள் ஏசவில்லை. அம்மாவிடம், தாள் கெட்டுப்போனது, வேறு அடிக்கிறோம் என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணாச்சி கேட்டதற்கு, வெளியாளுக்குக் காட்டமாட்டார்களாம் என்று புளுகினேன்.

புதுத் தாள் பழையதைவிடச் சற்று மங்கல்தான். ஆனாலும் தேறிவிட்டது, அவள் வேலையும் நிலைத்தது. அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

டெல்லிக்காரர்கள் வந்த அன்று காலையும் நான்தான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். எப்போதும் கட்டடத்து வாசல்வரை போய் இறக்கிவிடுவேன். அன்றைக்கு, கேட் தெரிகிற வளைவிலேயே நிறுத்தினேன். ஏன்ப்பா, உள்ளே வாங்க என்பாள் என்று ஒரு நப்பாசை.

"சரிப்பா" என்று சட்டென்று இறங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்துவிட்டேன்.