லாச்சிக்குள் இரண்டு நாள்

பக்கத்து வீட்டு அபிநயாவை ஐந்தாம் வகுப்புக்கு மொனிற்றர் ஆக்கியிருக்கிறார்கள். முந்தநாள் பின்னேரம் முருங்கைக்கீரை கொண்டுவந்தவள், சட்டையில் குத்திய நீலச் சின்னத்தோடு என் வாசலில் நின்று தன் தம்பியை அதட்டினாள். "கதைக்காமல் வரிசையிலை வா!" வரிசையில் அவன் ஒருவன்தான் நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இருபது வயதில் என் தொண்டையிலிருந்து வந்த குரல் அது.

நான் படித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். விடுதியில் ஏழு வருடம். சோதனை முடித்து வீட்டில் சும்மா இருந்தவளை, "விடுதி மேட்ரனுக்கு உதவியா ஒரு வருஷம் நில்லும்" என்று அதிபர் கூப்பிட்டார். போனேன். ஆறு மாதத்துக்கு முன் நான் படுத்த கட்டில் அதே மண்டபத்தில் அப்படியே கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் மலர் இருந்தாள். கொடிகாமத்துப் பிள்ளை, என் உயிர்ச் சிநேகிதி. சோதனையில் தவறி இரண்டாம் முறை எடுக்க அங்கேயே நின்றிருந்தாள்.

முதல்நாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையோடு என்னைக் கண்டதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எடி, பாண் பைக்கற் மாதிரி இருக்கிறாய்." நானும் சிரித்தேன். கஞ்சிச் சேலை கட்டிய யாருக்கும் தெரியும், அதற்குள் குனிவதே கஷ்டம். நிமிர்ந்துதான் நடக்கவேண்டும். இடுப்பில் எல்லாப் பூட்டுகளுக்குமான திறப்புக் கோர்வை வேறு கிலுங்கும். நான் வரும் சத்தம் எனக்கு முன்னால் போகும். மண்டபத்தில் பேச்சு அடங்கிவிடும். முதல் வாரம் அது மனதை நோகச் செய்தது. மூன்றாம் வாரம் பிடித்துப்போனது. இரண்டாம் மாதம் பேச்சு அடங்காவிட்டால் கோபம் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் என்னை 'மிஸ்' என்று கூப்பிடும்படி மலரிடம் நானே சொன்னேன். அவள் "ஓம்" என்றாள்.

பிள்ளைகளுக்கு வரும் கடிதங்களை உடைத்து வாசித்துவிட்டுக் கொடுப்பது அங்கே வழக்கம். நாங்கள் இருவரும் அதை எவ்வளவு திட்டியிருப்போம்! திட்டியது மட்டுமா? ஒருமுறை யாழ்ப்பாணம் போய்ப் படம் பார்க்க ஆசைப்பட்டு, மலரின் மாமா எழுதியதுபோல ஒரு கடிதத்தை நானே இடக்கையால் எழுதினேன். அம்மாவுக்குச் சுகமில்லை, பிள்ளையை அனுப்பவும். மேட்ரன் அதை வாசித்து, துணைக்கு என்னையும் சேர்த்து லீவு கொடுத்து, அம்மாவுக்கு என்று இரண்டு தோடம்பழமும் கொடுத்துவிட்டார். படம் பார்த்துக்கொண்டே இருவரும் அந்தப் பழங்களைத் தின்றோம்.

இப்போது கடிதம் உடைப்பது என் வேலை. தொடக்கத்தில் உடைத்துவிட்டு வாசிக்காமல் கொடுத்தேன். பிறகு முதல் வரி மட்டும். பிறகு முழுவதும்.

மேட்ரன் கண் காட்டக் கொழும்புக்குப் போயிருந்த ஒரு வாரம். விடுதி என் பொறுப்பில். புதன்கிழமை மலருக்கு ஒரு கடிதம் வந்தது. 'அம்மாவுக்குச் சுகமில்லை. உன்னைத் தேடுகிறா. உடனே வெளிக்கிட்டு வரவும். மாமா.' வாசித்ததும் நான் சிரித்தேன். என்னிடமேயா என்று நினைத்தேன். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேட்ரன் வந்து பார்க்கட்டும் என்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். விதிப்படி நடந்துகொண்டதில் ஒரு பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மாமா காரில் வந்து இறங்கினார். சவரம் செய்யாத முகம். மலரைக் கண்டதும் கேட்டார்:

"பிள்ளை, கடிதம் கிடைக்கேல்லையோ? அம்மாவுக்குப் பாரிசவாதம். நேற்றையிலையிருந்து பேச்சில்லை. முந்தநாள் முழுக்க உன்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவா."

மலர் என்னைப் பார்த்தாள். நான் லாச்சியைத் திறந்து உடைத்த கடிதத்தை நீட்டினேன். அவள் அதை வாங்கினாள். கடிதத்தைக் கையில் பிடித்தபடி, "மிஸ், நான் போகலாமோ?" என்று கேட்டாள்.

அடுத்து நான் செய்ததை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் கை தானாகப் போய் லீவுப் புத்தகத்தை விரித்தது. பெயர், நேரம், கூட்டிப்போகிறவர். மாமாவிடம் பேனையைக் கொடுத்து, "இதிலை ஒரு கையெழுத்து" என்றேன். அவர் நின்றபடியே வைத்தார்.

மேட்ரன் வந்ததும் அந்தக் கையெழுத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். இடக்கைக் கடிதத்தையும். அவர் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார்.

"அது உன்ரை எழுத்தெண்டு அண்டைக்கே தெரியும், பிள்ளை. தெரிஞ்சும் விட்டனான். ஒருவேளை மெய்யா இருந்திட்டால்?"

பதவிதான் என்னை அப்படி ஆக்கியது என்று எனக்கு நானே சமாதானம் சொல்ல முடியாமல் போனது அந்த ஒரு கேள்வியால்தான். அதே திறப்புக் கோர்வை முப்பது வருடம் அவர் இடுப்பிலும் தொங்கியதே.

அந்தத் தவணையோடு நான் வேலையை விட்டேன். மலரின் அம்மா பேச்சு வராமலே எட்டு மாதம் கிடந்து கண்ணை மூடினார். செத்தவீட்டில் மலரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன், விடு" என்றாள். பெருந்தன்மையில் சொன்னாளா, உண்மையிலேயே நம்பினாளா, தெரியாது. அவள் செய்திருக்கமாட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

விடுதி இப்போது இல்லை. சண்டைக் காலத்தில் கூரை போனது. பிறகு சுவர்களையும் இடித்து, பிள்ளைகளை ஏற்றும் வான்கள் நிற்க இடம் செய்துவிட்டார்கள். கடிதம் எழுதுவாரும் இல்லை, உடைப்பாரும் இல்லை. மேட்ரன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம்.

மலர் கனடாவில் மகனோடு இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் பலதும் கதைத்துவிட்டுத் திடீரென்று கேட்டாள்:

"அம்மான்ரை குரல் எப்பிடியிருக்கும்? எனக்கு மறந்துபோச்சு. விடுதிக்கு என்னைப் பாக்க வாற நாளிலை உன்னோடையும் கதைக்கிறவா. உனக்கு ஞாபகமிருக்கோ?"

எவ்வளவு முயன்றும் அந்தக் குரல் நினைவுக்கு வரவில்லை. லாச்சிக்குள் பூட்டிய அந்தக் கடிதம் மட்டும்தான் எழுத்துக்கு எழுத்து வந்தது. இல்லையென்று சொன்னேன்.