அறிவுச்செல்வன் பார்த்த கோடு

என் வூட்டுக்காரரின் இறப்புச் சான்றுக்கு எழுதிக் கொடுக்கப் போனபோது, கள்ளக்குறிச்சி இ-சேவை மையத்தில் எனக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். விண்ணப்பத்தில் எதனால் செத்தார் என்று ஒரு கட்டம். அங்கே வேலை பார்த்த அறிவுச்செல்வன் தம்பி அதை உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்கவில்லை. எழுந்து சுற்றி வந்து, என் காதருகே குனிந்து கேட்டார். சாராயம் என்று நானும் காதிலேயே சொன்னேன்.

அதற்கப்புறம், பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கி முடித்துத் திரும்பும் வழியில் எட்டிப் பார்ப்பேன். கூட்டம் இல்லாதபோது கம்ப்யூட்டரில் கருப்புக் கருப்பாகப் படம் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னாப்பா இது என்றேன்.

"பெரிய நட்சத்திரக் கூட்டத்துகிட்ட சின்னக் கூட்டம் ஒண்ணு மாட்டிக்கும்க்கா. பெரிசு அதோட கிட்டப் பக்கத்தை ஜாஸ்தியா இழுக்கும், தூரப் பக்கத்தை கம்மியா. சின்னது நீண்டு, பிஞ்சி, அது சுத்தற வழியிலயே நட்சத்திரமெல்லாம் கோடா உதிர்ந்து போவும். கோடிக்கணக்கான வருஷம் ஆவும்."

"ஓட்டை மூட்டையை வண்டியில ஏத்தினா ரோட்டுல அரிசி கோடு போடுமே, அப்பிடியா?"

"அப்பிடித்தான். ஆனா மூட்டையைக் கிழிச்சது எலி இல்ல, அந்தப் பெரிசோட இழுப்பு."

அந்த மங்கல் கோடு படத்தில் இருக்கா இல்லையா என்று பார்த்து, 'இருக்கு', 'இல்லை' இரண்டில் ஒன்றை அழுத்தி, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம். சம்பளம் கிடையாது. கரியாலூரிலிருந்து பட்டாவுக்கு நடையாய் நடந்த வேடியப்பன் ஒருநாள், "இன்னா சார், நட்சத்திரம் வந்தாத்தான் என் பட்டா வருமா?" என்றார்.

"உங்க பட்டா வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு கூட்டம் பிஞ்சிடும்ண்ணே."

ஆறு வருஷம் அப்படிப் பார்த்தார். சர்க்கரை வியாதியில் இடது கண் போனது, வலதும் மங்கியது. கம்ப்யூட்டரே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டு வடக்கனந்தலில் தங்கச்சி வூட்டுக்கு அவர் கிளம்பிய நாளில் நான் போனேன். ஒரு படம் மிச்சம் இருந்தது.

"மூணு நாளா இதுல கோடு தெரியுதுக்கா. இதுவரைக்கும் எனக்கு ஒண்ணுகூட அகப்பட்டதில்ல. இது நெசமா, என் கண்ணுல ஓடற நூலான்னு புரியல. நீங்க அரிசியில கல்லு பொறுக்கற ஆளு. பாத்துச் சொல்லுங்க."

மாதாவே என்று வேண்டிக்கொண்டு பார்த்தேன். கிட்டப் போய், தள்ளி நின்று, கையால் வெளிச்சத்தை மறைத்து. பெரிய கூட்டம் மாவு கொட்டினாற்போல் இருந்தது. பக்கத்தில் வெறும் கருப்பு. இருக்கு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆறு வருஷமாகப் பொய்யாக ஒரு 'இருக்கு' அழுத்தாத பிள்ளைக்கு, கடைசிப் படத்தில் நான் பொய் சொல்லலாமா?

"எனக்குத் தெரியலப்பா."

அவர் மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி குனிந்து, 'இல்லை' என்பதில் அழுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு, படி இறங்க என் கையைப் பிடித்தபடி சொன்னார்:

"அழுவாதீங்கக்கா. இல்லாத இடத்துல இல்லன்னும் ஒருத்தர் பாத்து எழுதணும் இல்ல? எழுதிட்டோம். பஸ் வந்தா சொல்லுங்க, எனக்கு போர்டு தெரியாது."