டார்லிங் அண்ணன் பிடித்த சொற்கள்

டார்லிங் அண்ணன் என்ற பெயரை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் நாத்தனார் மகள். ஓட்டல் சலவைக்கூடத்தில் துணிகளுக்கு எண் சீட்டு குத்தும் வேலை அவளுக்கு. ஒருநாள் செருப்பைக் கழற்றும்போதே, "டார்லிங் அண்ணனுக்குக் கையில சூடு பட்டுடுச்சு" என்றாள்.

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எவன்டி அவன் டார்லிங்?"

"ஐயோ அம்மா, உன் பெரியம்மாவோட கொழுந்தனார்தான். இஸ்திரி போடுறாரே, அவரு."

முறைப்படி அவர் அவளுக்குத் தாத்தா. வேலை செய்கிற இடத்தில் முறையை யார் பார்க்கிறார்கள்?

பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்தது ஒரே மகள். அவளும் வேற்று மொழிக்காரனைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். பேரனுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஞாயிறுதோறும் மகள் பேசி முடித்து அவனிடம் போனைக் கொடுப்பாள். இவர் ஹலோ என்பார், அவனும் ஹலோ என்பான். அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். பேரன் மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டு எத்தனை காலம் இருப்பது? அவனோடு நாலு வார்த்தை பேசிவிடவேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது.

சலவைக்கூடத்து ரேடியோவில் நாளெல்லாம் ஆங்கிலப் பாட்டு ஓடும். காதில் விழுகிற சொல்லைப் பிடித்துவைத்து, சீட்டு குத்துகிறவளிடம் அர்த்தம் கேட்பார். விரிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டி போய்வரும் நேரமெல்லாம் அதையே முணுமுணுப்பார். எதிரில் வந்தவனையெல்லாம் டார்லிங் என்று கூப்பிட்டுப் பழகியதில்தான் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

"என்னண்ணே, எல்லாம் அழுகைப் பாட்டாவே பிடிக்கிறீங்க?" என்று அவள் கேலி செய்தாள்.

"ஆடுற பாட்டு தலைதெறிக்க ஓடுதும்மா, எங்க பிடிக்கிறது? அழுகிறவன்தான் நிறுத்தி நிதானமாச் சொல்றான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவி, தலை வாரி, போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். பேரன் ஹலோ சொன்னதும் மடமடவென்று கொட்டினார்: "மை டார்லிங், ஐ ஆம் சோ லோன்லி. எவ்ரி நைட் ஐ க்ரை. ப்ளீஸ், கம் டு மீ."

பையன் ஏதோ கேட்டான். இவருக்குத் தெரிந்த சொல் ஒன்றுகூட அதில் இல்லை. போன் கைமாறியது.

"அப்பா! அவன்கிட்ட என்னப்பா சொன்னீங்க? தாத்தா ஏன் அழறார்னு கேக்கிறான். நிஜமாவே ராத்திரியில அழறீங்களா?"

தமிழில் இத்தனை வருடமாக அவர் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: எனக்கென்ன குறைச்சல், கல்லு மாதிரி இருக்கேன். இன்றைக்கு ஆமாம் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மகளின் குரல் நடுங்கியது. அவளுக்குப் பின்னால் மருமகன் என்னவென்று விசாரிப்பது கேட்டது. வந்த சொல்லை விழுங்கிவிட்டு, இவர் பெரிதாகச் சிரித்தார்.

"அட அசடே, அது பாட்டும்மா! ரேடியோவுல கத்துக்கிட்டேன். பாட்டுல எவனாவது குளிச்சேன், சாப்பிட்டேன்னு சொல்றானா? வாயைத் திறந்தா அழறான். எனக்கும் அதுதான் வருது."

"பயந்தே போயிட்டேன், போங்கப்பா!" என்று மகள் சிரித்தாள். பையனுக்கு விளக்கிச் சொன்னதும் அவனும் சிரித்தான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் பேரனே முந்திக்கொண்டு போனைப் பிடுங்குகிறான். தாத்தா அழுகை வசனத்தை ஆரம்பித்தால் அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவன் சிரித்து ஓயும்வரை இவரும் விடாமல் சொல்கிறார். அது வேடிக்கை இல்லை என்று மகளுக்கு யாரும் சொல்லவில்லை. சீட்டு குத்துகிறவள் ஒருமுறை சொல்லப் போனாள். "உன் வேலையைப் பாரு டார்லிங்" என்று வாயை அடைத்துவிட்டார்.

இப்போதும் அதே ஓட்டலில்தான் இஸ்திரி போடுகிறார். சலவைக்கூடத்துக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார்.