திக்கும் சொல்லுக்கு ஒரு தாளம்

ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியும், அதன் திரையில் விட்டுவிட்டு ஒளிரும் பச்சைப் புள்ளியும்தான் தம்பியை நினைத்தால் எனக்கு முதலில் தெரிகின்றன. புள்ளி ஒளிரும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம். மட்டாஞ்சேரியில் மழை விட்ட சாயங்காலங்களில் கீழே கிடங்கிலிருந்து சுக்கு வாசனை மாடிவரை ஏறி வரும். தம்பி அந்தச் சத்தத்துக்குத் தஃப் தட்டிக்கொண்டிருப்பான். ஆட்டுத்தோல் போர்த்திய வட்டமான கைப்பறை அது. கல்யாண வீடுகளில் ஆண்கள் வரிசையாக நின்று அதைத் தட்டிப் பாடுவார்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து, ஒலி நீருக்கடியிலிருந்து வருவதுபோல மங்கிக் கேட்கும். நான் துணி மடிப்பதை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.

தம்பிக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் வாயைத் திறந்து திணறத் தொடங்கியதுமே அந்தச் சொல்லை அவளே சொல்லி முடித்துவிடுவாள். அதனால் எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு அவனுடையது, மீதி அம்மாவுடையது. வளர்ந்து காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகும், பேருந்தில் அந்த ஊர்ப்பெயர் அவன் வாயில் வராது. எளிதாக வருகிற வேறொரு பெயரைச் சொல்லி இறங்கி, மீதித் தூரத்தை நடப்பான். அதை அவன் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது என்பான், அதையும் திக்கித்தான் சொல்வான்.

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அவன் உண்மையில் பயந்தான். எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் நடக்கும்போது மாப்பிள்ளை பெண்ணின் தந்தையுடைய கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் திருமணத்தை ஏற்றுக்கொண்டேன் என்று சபையறியச் சொல்ல வேண்டும். 'கபில்து' என்று தொடங்கும் சிறிய அரபு வாசகம். அதை அவனுக்காக அம்மா சொல்லிவிட முடியாது, யாரும் எடுத்து முடிக்கவும் முடியாது. வந்த வரன்களையெல்லாம் தம்பி ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்தான். என்னிடம் மட்டும் ஒருநாள், "அந்த ஒரு வா... வார்த்தைதான் அக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றான்.

பள்ளிவாசல் தஃப் குழுவில் ஆள் குறைகிறது என்று அவனை யாரோ இழுத்துக்கொண்டு போனதும் அந்த வருஷம்தான். முதல் நாள் போய்விட்டு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான். "அக்கா, தட்டிக்கிட்டே பாடுறப்போ எனக்குத் திக்கவே இல்ல. ஒரு எடத்துலகூட இல்ல" என்றான். சொன்ன வேகத்தில் அந்த வாக்கியமும் திக்கவில்லை என்பதை இரண்டு பேரும் ஒன்றாகவே உணர்ந்தோம். அம்மா அடுப்பிலிருந்த சாயாவை மறந்து நின்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பச்சைப் புள்ளி வீட்டுக்கு வந்தது. தாளம் பழகுவதற்கான செயலி அது. வேகத்தை விரலால் இழுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். மிக மெதுவாக வைத்துக்கொண்டு முதலில் தஃப் மட்டும் தட்டுவான். பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அசையாகப் பேச்சைக் கொண்டுவந்து வைப்பான். சாப்பாட்டின் பெயர், தெருவின் பெயர், என் பெயர். பேசியதைப் பதிவு செய்து தானே கேட்பான். தன் குரலைக் கேட்பது முதலில் அவனுக்குப் பிடிக்கவில்லை. போகப்போக அந்தக் குரலோடு ஒரு சிநேகம் வந்துவிட்டது. தட்டத் தட்ட மூச்சு நிதானமாவதையும், தோள்கள் இறங்குவதையும், முகத்தில் எப்போதும் இருந்த இறுக்கம் கரைவதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தச் செயலியில் இன்னொரு வசதியும் இருந்தது. சிறிது நேரம் தாளம் கேட்கும், பிறகு சத்தமும் புள்ளியும் மறைந்துவிடும். அந்த மௌனத்திலும் நாம் காலம் தவறாமல் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆரம்பத்தில் சத்தம் நின்றதும் அவன் பேச்சும் தடுக்கி விழும். பின்னொரு நாள் கைப்பேசி மௌனமாகிவிட்ட பிறகும் அவன் பேசிக்கொண்டே போனான். வெளியே தென்னையோலைகளிலிருந்து மழைத்துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவையும் அவன் தாளத்துக்கே சொட்டுவதுபோல எனக்குத் தோன்றியது.

பள்ளுருத்தியிலிருந்து வந்த வரனை அவன் மறுக்கவில்லை. பெண்ணோடு வாட்ஸாப்பில் எழுதி எழுதியே பழகினான். அவள்தான் ஒருநாள், "டைப் பண்ண வேண்டா, பேசுங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்று குரல் செய்தி அனுப்பினாள். அதை அவன் எத்தனை தடவை கேட்டான் என்று சுவருக்குத்தான் தெரியும்.

நிக்காஹ் அன்று பெண்களெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்தோம். ஒலிபெருக்கியில் நிக்காஹை நடத்திவைக்கும் உஸ்தாதின் குரல் கேட்டது. பெண்ணின் தந்தை தன் பங்கைச் சொல்லி முடித்தார். இனி தம்பி சொல்ல வேண்டும். எதுவும் கேட்கவில்லை. மின்விசிறிகள் சுழன்றன, எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அவன் வலது கை மாமனாரின் பிடிக்குள் இருக்கும், தஃப் தட்டிப் பழகிய அந்தக் கையால் தொடையில் தட்டக்கூட வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் அம்மாவின் உதடுகள் அந்தச் சொல்லுக்காகக் குவிந்துவிட்டன. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணை மூடினாள்.

பிறகு அவன் குரல் வந்தது. மெதுவாக, ஒவ்வோர் அசையாக, பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல், கடைசிச் சொல்வரை உடையாமல் வந்தது.

விருந்து முடிந்து ஓய்ந்திருந்தபோது தம்பியின் மாமனார் என்னிடம் வந்தார். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். "மோளே, என் கைக்குள்ள அவன் வெரலு துடிச்சிட்டே இருந்துது. பயந்துட்டான் பாவம்னு நெனச்சேன். அப்பறமாத்தான் தெரிஞ்சுது, தாளம் போடுறான்னு. நானும் கூடவே அமுக்கிக் குடுத்தேன்" என்றார். தன் உள்ளங்கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டு, "மெல்லச் சொன்னாப் போதும்னு சொல்ற மாதிரி" என்றார்.

தம்பியின் திக்கல் போய்விடவில்லை. இன்றைக்கும் அலுவலகக் கூட்டங்களில் திணறுகிறான், ஆனால் யாரையும் தன் சொல்லை முடிக்க விடுவதில்லை. அம்மாவும் இப்போதெல்லாம் காத்திருக்கிறாள். சென்ற ஆண்டு அவனுக்கு மகள் பிறந்தாள். என்ன பெயர் என்று கேட்டதற்குக் கதீஜா என்றான், நெடுநேரம் எடுத்துக்கொண்டு. எளிதான பெயர் எத்தனையோ இருக்கும்போது ஏன் இது என்று அம்மா கேட்டாள். "ஆசையா இருந்துது, வெச்சேன்" என்றான்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை தரையில் தவழ்ந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தம்பி கூப்பிட்டான். "க... க... கதீஜா!" முதல் 'க'விலேயே அவள் நின்றுவிட்டாள். இரண்டாவதில் திரும்பிப் பார்த்தாள். முழுப்பெயர் வருவதற்குள் சிரித்துக்கொண்டு பாதித் தூரம் அவனிடம் வந்துவிட்டாள்.