அவன் கையால் ஒருவரும் சாகக் கூடாது

இதை உங்கள் முன் சொல்ல எனக்குத் துணிவு தந்த ஆண்டவருக்கு நன்றி.

போன வருஷம் என் மகன் டானியல், இங்கே மங்கரேயில் பார்த்துவந்த சரக்கு ஏற்றி இறக்கும் வேலையை விட்டுவிட்டு நியூசிலாந்து ராணுவத்தில் சேர்ந்தான். வீட்டில் எல்லோரும் கேக் வெட்டினார்கள். நான் பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

எங்கள் ஊர் வன்னியில், போர்க் காலத்தில், என் தம்பியைப் பதினேழு வயதில் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். உடல்கூட வரவில்லை. அவன் செத்ததற்காக அம்மா அழுதார். சாகுமுன் எந்தத் தாயின் பிள்ளையைச் சுட்டானோ என்று அதைவிட அழுதார். அந்தக் கேள்வியோடுதான் கண்ணை மூடினார்.

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் டானியலின் தலையில் கைவைத்து, வெற்றியோடு திரும்பி வரட்டும் என்று ஜெபித்தார். எனக்கு ஆமென் வரவில்லை. அதே பாஸ்டர்தான் வேதபாடத்தில், அந்தக் கால அமெரிக்காவில் இயேசுவுக்காகத் துப்பாக்கி தூக்க மறுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவர்களைப் பற்றிச் சொன்னவர். அவர்களுடைய மாடுகளைப் பறித்தார்கள், சிறையில் அடைத்தார்கள், துரோகி என்றார்கள். அன்று நாம் எல்லோரும் அல்லேலூயா சொன்னோம்.

நான் எழுந்தேன். "பாஸ்டர், குறை நினையாதேங்கோ. இவன்ர கையால ஒருத்தரும் சாகக் கூடாதெண்டு ஜெபியுங்கோ. அந்த அமெரிக்கச் சனம் மாதிரி."

"சோறு போடுற நாட்டுக்கு நன்றி இல்லையோ அக்கா?" என்று ஒரு சகோதரி கேட்டார். டானியல் என் முகத்தைப் பார்க்காமல் ஏவன்டேலில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கிருந்தே பயிற்சி முகாமுக்கும் போனான். நான் போன் எடுத்தால் பேசமாட்டான்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. தம்பிக்கு இரங்காதவர் இவனுக்கா இரங்கப் போகிறார் என்று கோபம்தான் வந்தது. ஆண்டவர் இருக்கிறாரா என்றுகூட நினைத்தேன். கடைசியில் வாயில் மிஞ்சியது இவ்வளவுதான்: அவன் கை ஆண்டவரே, அவன் கை.

குளிர்காலத்தில் ஒரு மாலை அவனே போன் எடுத்தான். சுடும் பயிற்சியில் மனித உருவ அட்டையை நிறுத்தினார்களாம். விரல் அசையவில்லையாம். மாடு பறிகொடுத்த அந்த மனிதர்கள் நினைவுக்கு வந்தார்களாம். எல்லாம் இங்கிலீஷில்தான் சொன்னான். விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

"அம்மா, கேன் ஐ கம் ஹோம்?"

"ஓம் ராசா, வா."

இப்போது பழைய வேலைக்கே போகிறான். நண்பர்கள் கோழை என்கிறார்கள். சபைக்கு வருவதில்லை. என்னோடு கதைப்பதும் குறைவு. கேட்டது கிடைத்தது, அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவன் புட்டும் பழமும் பிசையும்போது அந்தக் கையைப் பார்த்து நன்றி சொல்கிறேன்.

பிள்ளைகள் சாகக் கூடாது என்று நீங்கள் எல்லோரும் ஜெபிக்கிறீர்கள். அவர்களுடைய கைகளுக்காகவும் ஜெபியுங்கள். என் அம்மா பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். என் பிள்ளையின் கையைப் பற்றி எனக்குத் தெரியும்.