குண்டு துளைத்த சில்லு

நெவாடாவில் மூடிப்போன சூதாட்ட விடுதிகளின் பந்தயச் சில்லுகளைச் சேர்ப்பதுதான் டெல்மருக்குப் பொழுது. ஒருநாளும் ஆட உட்கார்ந்தவரில்லை. நடுவில் துளை விழுந்த சிவப்புச் சில்லுக்கு மட்டும் தனிக் கண்ணாடிப் பெட்டி. ஏமாற்றி ஆடியவனின் சட்டைப்பையில் இருந்தபோது துப்பாக்கிக் குண்டு துளைத்ததாம். அந்தக் கதையை வைத்தே வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சில்லு சேகரிப்பாளர் கண்காட்சியில் பரிசு தட்டப் பார்த்தார்.

அந்தச் சில்லு புழங்கிய விடுதியில் முன்பு சீட்டுப் பகிரும் வேலை பார்த்த வெர்னா பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

"குண்டாவது மண்ணாவது! கடைய மூடுறப்போ, இனி செல்லாதுன்னு எல்லாத்துலயும் ஓட்டை போட்டோம்யா. என் புருஷன் ஆர்வில்தான் மெஷினப் புடிச்சாரு."

"ஆர்வில் இப்ப எங்க?"

"ரீனோல, மக வீட்டுல. ஏன் கேக்குற?"

டெல்மர் ஞாயிறன்று கதையைத் திருத்திச் சொல்லிப் பரிசும் வாங்கினார். குண்டடி பட்டுச் செத்தவன் பெயர் இப்போது ஆர்வில்.